லோப் பம்பும் என் வலது கையும்

பம்பு வகைகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி பிரியா கேட்டார். நான் வேலை பார்த்த பழக்கூழ் ஆலையில் இப்போது பராமரிப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர் அவர். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்குக் கொடுப்பதற்காம்.

"எந்த வேலைக்கு எந்த பம்ப்னு உங்கள மாதிரி தெளிவா யாரும் சொல்ல முடியாது சார்" என்றார் தொலைபேசியில். கூடவே ஒரு செய்தியும் சொன்னார். கூழ் லைனில் இருந்த கை வால்வுகளை எல்லாம் எடுத்துவிட்டார்களாம். இனி திரையில் தொட்டால் வால்வு தானே திறக்கும். திறந்தது உறுதியான பிறகுதான் மோட்டார் ஓடும். "யாரு கையும் பட வேண்டியதில்ல சார்" என்றார், ஒரு தொல்லை ஒழிந்த குரலில்.

அன்று மாலையே ஒப்பீட்டை எழுதிவிட்டேன். எனக்கு அது பழக்கமான வேலை. நாட்குறிப்பு எழுதுகிறவன், வரிசை தவறாமல் எழுத வரும். ஆனால் அடியில் என் பெயரைப் போடப் போனபோது கூச்சமாக இருந்தது. பம்புகளைப் பற்றி நான் எழுதிய ஒப்பீடு ஒன்று ஏற்கெனவே அந்த ஆலையில் இருக்கிறது. அதில் ஒரு பிழையும் இல்லை. அதை எழுதிய நான் என்ன செய்தேன் என்பதுதான் அதில் இல்லை.

நான் அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, ஓசூரில் வேலை கிடைக்கும் என்று பஸ் ஏறி வந்த கூட்டத்தில் ஒருவன். முதலில் ஒரு வார்ப்பட ஆலை. அங்கே எனக்குக் கொடுத்தது குளிர்விக்கும் தண்ணீர் பம்புகள். எல்லாம் சென்ட்ரிஃபியூகல். உள்ளே சக்கரம் போல ஓர் இம்பெல்லர் சுழலும். தண்ணீரை நடுவில் வாங்கி ஓரத்துக்கு வீசும். அந்த வீச்சுதான் அழுத்தம். இதைத் தொடங்குவதற்கு ஒரு முறை உண்டு. டெலிவரி வால்வை, அதாவது தண்ணீர் வெளியேறும் பக்கத்து வால்வை, முதலில் மூட வேண்டும். பிறகு மோட்டாரைப் போட வேண்டும். வேகம் நிலைக்கு வந்ததும் மெதுவாகத் திறக்க வேண்டும். மூடியிருக்கும்போது இம்பெல்லர் இருக்கிற தண்ணீரையே சுற்றிக்கொண்டிருக்கும். மோட்டாருக்குச் சுமை குறைவு. திறந்து வைத்துத் தொடங்கினால் மோட்டார் திணறும், பைப்பு அதிரும்.

மூடு, போடு, மெல்லத் திற. இந்த மூன்றையும் என் கை கற்றுக்கொண்டது. பிறகு சூளகிரிப் பக்கம் இந்தப் பழக்கூழ் ஆலைக்கு மாறி, சூப்பர்வைசர் ஆனபோது, ஒவ்வொரு பம்புக்கும் மேலே சுவரில் இதை மஞ்சள் பெயின்டில் எழுதவைத்தேன். என்னிடம் வேலை பார்த்தவர்கள் அதைப் பாட்டு போலச் சொல்வார்கள். கேலியாகவும் சொல்வார்கள். எலக்ட்ரீஷியன் குமார் என் நடையைப் பார்த்து, "லிங்கம் சார் கக்கூஸ் போனாகூட மூடு, போடு, மெல்லத் திற தான்" என்பான். சங்கரலிங்கம் என்ற என் பெயரை அங்கே யாரும் முழுதாகச் சொன்னதில்லை.

எங்கள் மேலாளர் ரங்கநாத். ஆனேக்கல் பக்கத்துக்காரர், அத்திப்பள்ளி வழியாகத் தினமும் கம்பெனி பஸ்ஸில் வருவார். வீட்டில் கன்னடம். எங்களோடு தமிழ் பேசுவார், நடுநடுவே கன்னடம் தானாக வந்து விழும். கத்தமாட்டார். ஏதாவது உடைந்தாலோ நின்றாலோ அந்த இடத்துக்கு வந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டையின் கீழ் ஓரத்தில் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்பார்: "யாரு கை?"

அந்த இயந்திரத்தைக் கடைசியாகத் தொட்டது யார் என்று அர்த்தம். தொட்டவர் "என் கை சார்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் திட்டு கிடையாது. "ஆயித்து" என்பார், அதாவது ஆகட்டும் என்று. அந்தப் பெயரை எழுதிக்கொண்டு போய்விடுவார். இரண்டு பெயர் சொன்னால் பிடிக்காது. "ரெண்டு கை எழுதினா யாரும் திருந்தமாட்டான். ஒரு கை சொல்லு" என்பார். எங்களுக்கு அது நேர்மையான வழக்கமாகத்தான் தெரிந்தது. நானும் அதையே கடைப்பிடித்தேன். எத்தனையோ பேரைப் பார்த்து நானும் கேட்டிருக்கிறேன், யார் கை என்று.

அந்த வருஷம் நிர்வாகம் கெட்டிக்கூழ் லைன் போட முடிவு செய்தது. பெங்களூரா ரக மாம்பழக் கூழை ஆவியாக்கியில் சுண்டவைத்து, அதைக் கிருமிநீக்கும் இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். சாதாரணக் கூழையே சென்ட்ரிஃபியூகல் பம்பு கஷ்டப்பட்டுத்தான் தள்ளும். சுண்டிய கூழ் வாளியைச் சாய்த்தால் யோசித்துத்தான் நகரும். அதை இம்பெல்லரால் வீச முடியாது, உள்ளேயே கலக்கிக்கொண்டிருக்கும். பிடித்துத் தள்ளுகிற பம்பு வேண்டும். எது என்று ஒப்பிட்டு எழுதும்படி ரங்கநாத் என்னிடம் சொன்னார்.

பெருமையாக இருந்தது. சாஸ் தயாரிக்கும் ஓர் ஆலைக்கும், பெயின்ட் ஆலை ஒன்றுக்கும் போய், ஓடிக்கொண்டிருந்த பம்புகளைப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்று வகைகளை எடுத்துக்கொண்டேன்.

கியர் பம்பில் இரண்டு பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று கடித்துச் சுழலும். பல்லுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிய திரவம் மறுபக்கம் போய்ச் சேரும். எண்ணெய்க்கு இதைவிட நல்ல பம்பு கிடையாது. எண்ணெயே அதற்கு வழவழப்பும் கொடுக்கும். எங்கள் கூழில் நாரும் தோல் துணுக்கும் வரும். பல்லில் பல் உராய்ந்தால் நாளைக்கு இரும்புத்தூள் பழத்தில் இருக்கும். அதை ஒதுக்கினேன்.

ஸ்க்ரூ பம்பு ரப்பர் உறைக்குள் முறுக்கிய எஃகுத் தண்டு. தண்டு திரும்பத் திரும்ப, நடுவில் உள்ள பைகள் கூழை நகர்த்திக்கொண்டே போகும். மென்மையானது. எவ்வளவு கெட்டியானாலும் போகும். ஆனால் உள்ளே கூழ் இல்லாமல் ஓடினால் ரப்பர் கருகிவிடும். எங்கள் ஆலையில் பழ லாரி தாமதமானால் தொட்டி காலியாவது சாதாரணம். கருகிய ரப்பர் கூழில் கலந்தால் மொத்தத்தையும் கொட்ட வேண்டியதுதான். அதையும் ஒதுக்கினேன்.

லோப் பம்பில் இரண்டு உருளைகள், பூவிதழ் போன்ற வடிவம். ஒன்றை ஒன்று தொடாமல் சுழலும். நாரை நசுக்காது. முன்மூடியைக் கழற்றினால் உள்ளே முழுக்கக் கழுவலாம். இதைத்தான் வாங்க வேண்டும் என்று எழுதினேன்.

இந்த மூன்றுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று தள்ளியே தீரும். எதிரே வழி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காது. அதனால் 'தொடங்கும் முறை' என்ற தலைப்பின் கீழ் நான் எழுதினேன்: டெலிவரி வால்வு முழுதும் திறந்திருக்க வேண்டும், மூடியநிலையில் ஒருபோதும் தொடங்கக் கூடாது, அழுத்தம் மீறினால் தானே திறந்து விடுவிக்கும் ரிலீஃப் வால்வு கட்டாயம். 'ஒருபோதும்' என்ற சொல்லின் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டேன். கோடு நேராக விழ வேண்டும் என்று அளவுகோல் வைத்துப் போட்டேன்.

பம்பு வந்தது. ரிலீஃப் வால்வு வரவில்லை. கோயம்புத்தூரிலிருந்து அது தனியாக வர வேண்டும். அதற்குள் பழம் வந்துவிட்டது. பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கத்து லாரிகள் வாசலிலிருந்து நெடுஞ்சாலை வரை நின்றன. வெயிலில் பழம் கனிந்து, தார்ப்பாய்க்கு அடியிலிருந்து சாறு சொட்டிக்கொண்டிருந்தது. ரங்கநாத் என்னைக் கூப்பிட்டார்.

"லிங்கம், ரிலீஃப் வால்வ் இல்லாம ஓட்ட முடியுமா?"

"வால்வு தெறந்தே இருந்தா ஒண்ணும் ஆகாது சார். ஆனா இருக்கணும்."

"வால்வ் கிட்ட யாரு நிப்பாங்க?"

"நானே நிப்பேன் சார்."

"நீங்க நின்னா எனக்கு பயம் இல்ல" என்றார். ஓட்டலாம் என்று சொன்னது அவர். என்னை நம்பித்தான் சொன்னார்.

காலை ஷிஃப்ட். நான் மேடை மேல், வால்வுக்கு அருகில். கீழே பம்புப் பக்கம், ஸ்டார்ட்டர் பெட்டியிடம் மாதேஷ். மாதேஷ் கான்ட்ராக்ட் ஆள். நாற்பது வயதிருக்கும். மாம்பழ சீசனில் எங்களிடம் ஆபரேட்டர். மற்ற மாதங்களில் ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி ஏற்றுவார். சீசன் தொடங்கும்போது கான்ட்ராக்டர் கூப்பிட்டால்தான் வேலை. கூப்பிடாவிட்டால் இல்லை. இந்தப் பம்பைப் பற்றி அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான். நான்தானே நிற்கப் போகிறேன் என்று விட்டுவிட்டேன்.

ஆவியாக்கியிலிருந்து சூட்டோடு கூழ் தொட்டிக்கு வந்தது. மேடைக்குக் கீழே சுற்றிலும் ஆட்கள். முதல் ஓட்டம் அல்லவா. குமார் கற்பூரம் கொளுத்தி, பம்புக்கு எலுமிச்சம்பழம் நசுக்கினான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ரெடியா மாதேஷ்?"

"ரெடி சார்!"

அப்போது என் வலது கை போய் வால்வின் பிடியைக் குறுக்கே திருப்பியது. மூடியது. முழுதாக மூடியிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்தும் பார்த்தது. நான் எதையும் யோசிக்கவில்லை. கட்டைவிரலை உயர்த்தினேன். மாதேஷ் பச்சைப் பொத்தானை அமுக்கினார்.

சென்ட்ரிஃபியூகல் என்றால் இந்த இடத்தில் ஒரு மெல்லிய ரீங்காரம் எழும். அது நிலைக்கக் காத்திருந்துவிட்டு மெல்லத் திறக்க வேண்டும். நான் பிடியில் கையை வைத்துக்கொண்டு அந்த ரீங்காரத்துக்காகக் காத்திருந்தேன். வந்தது வேறு சத்தம். மாடு முனகுவது போல, இறங்கிக்கொண்டே போகும் சத்தம். அழுத்தமானியின் முள் ஒரே வீச்சில் போய் மறுமுனையில் மோதியது. அப்போதுதான் என் தலைக்கு விஷயம் எட்டியது. பிடியைத் திருப்புவதற்குள் பம்பை ஒட்டியிருந்த பைப்பு இணைப்பின் கிளாம்ப் விட்டுவிட்டது. வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். மஞ்சளாக ஒரு தட்டு போல கூழ் விரிந்து அடித்தது.

மாதேஷின் இடது கை அந்த இணைப்புக்கு அருகில் கம்பியைப் பிடித்திருந்தது. முழங்கையிலிருந்து விரல்வரை, கழுத்தின் ஒரு பக்கமும், கூழ் அப்பிக்கொண்டது. வெந்நீர் என்றால் வழிந்துவிடும், கெட்டிக்கூழ் வழியாது. அந்த நிலையிலும் அவர் வலது கையால் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். பம்பு நின்றது. பிறகுதான் கத்தினார்.

நான் இறங்கி ஓடி, தரை கழுவும் குழாயை எடுத்து அவர் கையில் தண்ணீரைப் பிடித்தேன். கூழோடு தோலும் வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"சார்... நான் முந்திட்டனா சார்?"

நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அன்று எழுதிய நாட்குறிப்பிலும் இல்லை.

ஆம்புலன்ஸ் அவரைக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டு போன பிறகு ரங்கநாத் அந்த இடத்துக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார்.

"யாரு கை?"

கான்ட்ராக்டரின் மேஸ்திரி முன்னால் வந்தார். "பட்டன்ல மாதேஷ் தாங்க சார். அமுக்கனதும் அவன், நிறுத்தனதும் அவன்."

"வால்வ மூடினது என் கை சார்" என்றேன் நான்.

ரங்கநாத் என்னைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "லிங்கம், நீங்க போய் டீ குடிங்க" என்றார்.

நான் டீ குடிக்கப் போகவில்லை. அவர் பின்னாலேயே அவருடைய அறைக்குப் போனேன். என்ன செய்தேன் என்பதை முதலிலிருந்து சொன்னேன். பாதியிலேயே கையை உயர்த்தினார்.

"சும்னே இரிங்க. உங்களுக்குத் தெரியாததா? இந்த பம்ப மூடி ஓட்டக் கூடாதுன்னு சிவப்பு மையில எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

"எழுதினவர் மூடினார்னு நான் எழுதினா மேல யாரு நம்புவாங்க? சரி, நம்பினாங்கன்னு வெச்சுக்குங்க. அப்புறம் கேப்பாங்க, ரிலீஃப் வால்வ் எங்கன்னு. அது என் கை. கான்ட்ராக்ட் ஆள்னா ஒரு வரியில முடிஞ்சிடும்."

"மாதேஷ அடுத்த சீசனுக்குக் கூப்பிட மாட்டாங்க சார்."

அவர் கண்ணாடியை மறுபடி கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை. அவரிடம் பயத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலைக் கூட்டத்தில், ஒர்க்ஷாப் மேசையைச் சுற்றி எல்லோரும் நின்றபோது, யாரும் கேட்காமலே சொன்னேன். "நேத்து நடந்தது என் கை. மாதேஷ் நான் சொன்னதச் செஞ்சாரு, அவ்வளவுதான்."

குமார் சிரித்தான்.

"கெலவரப்பள்ளி டேம்ல ஷட்டர தப்பா மூடுனாலும் மூடுவாங்க, லிங்கம் சார் வால்வ தப்பா மூட மாட்டாரு. யாருகிட்ட சார் கத உடறீங்க?"

"இல்ல குமார், நெசமாத்தான்..."

"தெரியும் சார். ஏழ மனுசன், புள்ள குட்டிக்காரன். நீங்க தலையக் குடுக்கறீங்க. உங்க மனசு யாருக்கு வரும்?"

மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒருவர் என் தோளைத் தட்டினார். நான் மறுக்க மறுக்க என் குணம் அவர்கள் கண்ணில் உயர்ந்துகொண்டே போனது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவனுக்கு என்ன கூச்சம் இருக்குமோ தெரியாது. உண்மையைச் சொல்லிப் பாராட்டு வாங்குகிறவனின் கூச்சத்தை நான் அன்று அறிந்தேன். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தேன். சுவரில் மஞ்சள் பெயின்ட்: மூடு, போடு, மெல்லத் திற.

மருத்துவமனையில் மாதேஷின் மனைவி ரத்னம்மா கட்டிலின் காலடியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். "எல்லாம் சொன்னாங்க சார். இவருக்காவ நீங்க பழி ஏத்துக்கினீங்களாமே. நல்லா இருக்கணும் நீங்க."

நான் வாங்கிப் போயிருந்த பழப்பையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மாதேஷ் கையில் கட்டுப் போட்டு, தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார்கள்.

"சார், நான் ரவ நேரம் கழிச்சு அமுக்கி இருந்தா ஒண்ணும் ஆயிருக்காது இல்லீங்களா?" என்றார். "அதான் படுத்துக்கினு யோசன பண்றேன். எங்க தப்பு பண்ணேன்னு தெரியலீங்க."

"நீங்க தப்பு பண்ணல மாதேஷ். நான்தான் வால்வ மூடினேன்."

"மூடித்தானுங்களே போடணும்? செவுத்துல எழுதி இருக்குதே."

அவருக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும் என்று கொஞ்சம் யோசித்தேன். "டேபிள் ஃபேன் இருக்குல்ல, அதுக்கு முன்னால அட்டைய வெச்சு மறைங்க. என்ன ஆகும்? அது பாட்டுக்குச் சுத்தும். பழைய பம்பு அந்த மாதிரி. சைக்கிள் பம்ப எடுத்து, காத்து வர்ற எடத்த வெரலால அடைச்சுக்கிட்டு ஓங்கி அமுக்குங்க. என்ன ஆகும்?"

"வெரலத் தள்ளிக்கினு வரும்."

"புதுசு அந்த மாதிரி. அதுக்கு எப்பவும் வழி தெறந்திருக்கணும். நான் அடைச்சிட்டேன்."

மாதேஷ் சற்று நேரம் மேலே ஓடும் விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். அதுவரை இருந்த 'ங்க' அவர் பேச்சிலிருந்து போய்விட்டது.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினேவா மூடின?"

"தலைக்குத் தெரியும் மாதேஷ். கைக்குத் தெரியல. பழக்கத்துல மூடிடுச்சு."

"உன் கைக்குத் தெரியாததுக்கு என் கை வெந்துது."

ரத்னம்மா கன்னடத்தில் ஏதோ சொல்லி அவரை அடக்கப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. "பழி ஏத்துக்கினாராம் பழி. எம்மேல இருந்தாத்தானே நீ ஏத்துக்கறதுக்கு? மண்டி வரைக்கும் பேச்சு போயிடுச்சு, மாதேஷ் பம்ப ஒடச்சிட்டான்னு. மேஸ்திரி ஃபோன எடுக்க மாட்டேங்கறான். நீ நல்லவன்னு பேரு வாங்கிக்க, வேணாங்கல. என் பேர எங்கிட்ட குடுத்துடு."

நான் சரி என்றேன். 

சொல்லிப் பயனில்லை என்பது கூட்டத்தில் தெரிந்துவிட்டது, காட்ட வேண்டும். ரிலீஃப் வால்வு வந்து சேர்ந்ததும், கூழ் விடுவதற்கு முன் குளிர்ந்த தண்ணீரில் ஓட்டிப் பார்க்க அனுமதி கேட்டேன். எல்லோரும் வர வேண்டும், ரங்கநாத்தும் வர வேண்டும் என்றேன். மேஸ்திரியைத் தனியாகப் போய் அழைத்தேன்.

மேடை மேல் நின்றேன். எல்லோரும் பார்க்க, வலது கையால் பிடியைக் குறுக்கே திருப்பினேன். அன்று செய்தது போலவே ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன்.

"சார், பச்சப் பட்டன நீங்க அமுக்குங்க" என்றேன்.

ரங்கநாத் குமாரைப் பார்த்தார். குமார் பின்னால் நகர்ந்துகொண்டான். ரங்கநாத் தானே போய் அமுக்கினார். அதே முனகல். முள் எகிறியது. இப்போது ரிலீஃப் வால்வு இருந்ததால் அது திறந்து, அலறிக்கொண்டு தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பி அடித்தது. அந்தச் சத்தத்தில் மேஸ்திரி காதைப் பொத்திக்கொண்டார். நான் பிடியைத் திறந்தேன். சத்தம் அடங்கியது, தண்ணீர் ஒழுங்காக ஓடியது.

"பட்டன அமுக்கினது நீங்க சார்" என்றேன். "இப்பச் சொல்லுங்க, யாரு கை?"

யாரும் சிரிக்கவில்லை. ரங்கநாத் கண்ணாடியைக் கழற்றி, சட்டை ஓரத்தில் வெகுநேரம் துடைத்தார். "ஆயித்து" என்றார். போய்விட்டார்.

அறிக்கையை அவர் மாற்றி எழுதினார் என்று பிறகு தெரிந்தது. ஆபரேட்டரின் தவறு இல்லை. ரிலீஃப் வால்வு பொருத்தாமல் ஓட்ட அனுமதித்தது பராமரிப்பு மேலாளர். இவ்வளவுதான். தலைமை அலுவலகத்துக்கு அழைத்து நிற்கவைத்துக் கேட்டார்களாம். அந்த வருஷம் அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. என் கையை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"ரெண்டு கை எழுதினா குழப்பம்" என்றார். "ஒண்ணு போதும்."

ஆக, அந்த விபத்தில் மாதேஷுக்குத் தழும்பு இருக்கிறது. ரங்கநாத்தின் பேரில் குறிப்பு இருக்கிறது. என் மேல் எதுவும் இல்லை. நான் கேட்டும் கிடைக்கவில்லை.

மாதேஷுக்குக் கேட் பாஸ் திரும்பக் கிடைத்தது. மேஸ்திரி ஒவ்வொரு சீசனும் கூப்பிட்டார். ஆனால் கிருமிநீக்கும் இயந்திரத்தின் பக்கம் நிற்க மாதேஷால் முடியவில்லை. அந்தச் சூட்டில் தழும்பு எரிந்தது. பழம் கழுவும் இடத்துக்கு மாற்றிக்கொண்டார். ஆபரேட்டராக இருந்தவர் கூடையோடு நின்றார். மண்டியிலும் பெட்டியின் விளிம்பு அந்தக் கையில் உரசும் என்பதால் துணி சுற்றிக்கொண்டுதான் ஏற்றுவாராம். சுவரில் இருந்த மஞ்சள் எழுத்தை நானே சுரண்டி எடுத்துவிட்டு, ஒவ்வொரு பம்புக்கும் அதற்குரிய முறையைத் தனித்தனியாக எழுதவைத்தேன். மாதேஷுக்கு அதனால் என்ன?

நான் ஓய்வு பெற்ற அன்று கேன்டீனில் மாலை போட்டு சால்வை போர்த்தினார்கள். மனிதவளப் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த பெண்மணி பேசினார். ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளிக்காக, தான் செய்யாத தவற்றைத் தன் மேல் போட்டுக்கொண்டவர் லிங்கம் சார் என்று அந்தக் கதையைச் சொன்னார். கைதட்டினார்கள். ரங்கநாத் மேசை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பின்வரிசையில், கழுவும் இடத்து ஆட்களோடு நின்றிருந்த மாதேஷின் குரல் கேட்டது.

"கத இல்ல மேடம்! நெசமாலுமே அது அவரு கை தான்!"

கேன்டீன் முழுக்கச் சிரிப்பு. அந்தப் பெண்மணியும் சிரித்தார். நான் மைக்கை வாங்கி, "மாதேஷ் சொல்றது சரி. அது என் கைதான்" என்றேன். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

வெளியே வந்தபோது மாதேஷ் கேட்டருகே நின்றிருந்தார். முழுக்கைச் சட்டை. சால்வையைத் தொட்டுப் பார்த்து, "நல்ல துணி" என்றார். பிறகு சொன்னார்: "நான் சொன்னா சிரிக்கறாங்க, நீ சொன்னா கை தட்டறாங்க. நம்ம ரெண்டு பேரும் இன்னா பண்றது சார்?"

வீட்டில் இப்போதும் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போடும்போது என் வலது கை முதலில் வால்வுக்குத்தான் போகிறது. மூடுகிறது. தண்ணீருக்கு அது சரி. சரியாகச் செய்யும்போதும் அந்தக் கையை நான் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

பிரியா, நீங்கள் கேட்ட ஒப்பீடு மேலே இருக்கிறது. நாலு வகைகளும் உண்டு, எதை எப்படித் தொடங்க வேண்டும் என்பதும் உண்டு. படிக்க வருகிறவர்களுக்கு அது மட்டும் போதும், இந்தக் கிழவன் கதை எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படித் தோன்றினால் ஒப்பீட்டையும் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். மாதேஷின் பெயரை மாற்றாதீர்கள். அவர் திருப்பிக் கேட்டது அதைத்தான்.